சந்தேகம் யார்மீது?

மர்ம நாவல் என்றதும் முகஞ்சுளிப்போர் நமது இலக்கிய வட்டத்தில் இன்னும் உளர். இலங்கையின் முதல் தமிழ் நாவலெனக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை' (1885) கடத்தப்பட்ட குழந்தையொன்றின் கதைதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

தவணை விடுமுறையில் ஒரு வாரம் ஆங்கில மர்ம நாவல்கள் மூன்றை வாசித்துப் பத்துக்குப் புள்ளியிட்டேன். புதிரின் சாமர்த்தியத்துக்கு மட்டுமல்ல. சந்தேகிக்கப்படும் எளியவரை ஆசிரியர் எவ்வாறு நடத்துகிறார் என்பதற்கும் சேர்த்தே புள்ளி.

கொனன் டொயிலின் 'பாஸ்கர்வில்ஸ் வேட்டைநாய்' (1902): சதுப்புநிலச் சூழல் அபாரம். ஆனால் இறந்துகிடப்பவன் பிரபு அல்லன், தப்பியோடிய கைதியே என்றறிந்ததும் ஹோம்ஸ் சிரித்துக் கூத்தாடுகிறார். அவனுக்காக அழுபவள் வேலைக்காரியான அக்கா மட்டுமே. 6.

அகதா கிறிஸ்டியின் 'ரொஜர் அக்ரொய்ட் கொலை' (1926): தடயங்கள் யாவும் கண்முன்னே கிடக்கின்றன; மறுவாசிப்பில்தான் புலப்படுகின்றன. பாத்திரங்களோ சதுரங்கக் காய்கள். 7.

வில்கி கொலின்ஸின் 'மூன்ஸ்டோன்' (1868): 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் ஆயுதசாலையில் ஆங்கில அதிகாரியொருவன் கொலைசெய்து கவர்ந்த வைரம், பின்னர் இங்கிலாந்து வீடொன்றில் களவுபோகிறது. உடனே பிடிபடுவோர் மூன்று இந்தியர். அடுத்து, முன்னர் திருடியாயிருந்த பணிப்பெண். அவளது கடிதத்துக்குக் கொலின்ஸ் இடமளிக்கிறார். கதைசொல்லிகள் பலரிருந்தும் அம்மூன்று இந்தியருள் ஒருவருக்கேனும் வாய் இல்லை. அதற்காக ஒரு புள்ளி குறைத்து 9.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் சந்தேகத்தின் பாரம் எத்தகையதென அறிந்த சமூகம் நாம். நம்மவர் மர்ம நாவல் எழுத முன்வரவேண்டும். அதில் சந்தேகிக்கப்படுபவனும் பேசவேண்டும்.