இடுப்பழகியும் இறுதிச் சுற்றும்: எடை மெஷின் பார்க்காத விஷயம்

2015 நவம்பர் 27-ம் தேதி 'இஞ்சி இடுப்பழகி' ரிலீஸ் ஆனது. 2016 ஜனவரி 29-ம் தேதி 'இறுதிச் சுற்று' வந்தது. நடுவில் இரண்டே மாதம். இரண்டுமே பெண் உடம்பை மையமாக வைத்த படங்கள். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பேசி நான் பார்த்ததில்லை. ஒன்றை "குண்டுப் பொண்ணு படம்" என்றும் இன்னொன்றை "பாக்ஸிங் படம்" என்றும் தனித்தனி டப்பாவில் போட்டுவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், 'உடம்பைக் குறைக்கணும், ஆனா வத்திப் போகக் கூடாது' என்று நினைக்கிற ஒரு பெண்ணுக்கு நம்ம சினிமா என்ன சொல்லி வைத்திருக்கிறது என்பது புரியும்.

முதலில் இடுப்பழகி

பிரகாஷ் கோவெலமுடி இயக்கிய இந்தப் படம் தெலுங்கில் 'சைஸ் ஜீரோ'. தமிழ்த் தலைப்பு 'தேவர் மகன்' பாட்டிலிருந்து வந்தது. கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குண்டாக இருக்கும் ஸ்வீட்டிக்கு வரன் அமையவில்லை. அம்மா ஊர்வசிக்குத் தூக்கமில்லை. எடை குறைக்கிறேன் பேர்வழி என்று பிரகாஷ்ராஜ் நடத்தும் ஒரு சென்டர் வருகிறது. அந்த சென்டரால் தோழி ஒருத்தியின் உடல்நிலை கெட்டுப் போகிறது. ஸ்வீட்டி அதை எதிர்த்துக் கிளம்புகிறாள்.

படத்தின் பெரிய பலம் அனுஷ்காவின் உடம்பு. ரப்பர் உறை, மேக்கப் என்று ஏமாற்றாமல் உண்மையிலேயே எடை கூட்டி நடித்தார். அந்த நடையும் உட்காரும் விதமும் நிஜமாக இருக்கின்றன. விரைவு டயட் வியாபாரத்தை வில்லனாக்கியதும் சரியான தேர்வு. இந்த இரண்டுக்கும் படத்தைப் பாராட்டியே ஆகணும்.

பிரச்சினை எங்கேன்னா, படம் ஒரு பெண்ணின் கையில் இரண்டு சீட்டை மட்டும் கொடுக்கிறது. ஒன்று, சென்டரில் சேர்ந்து உடம்பைக் கெடுத்துக்கொள். இன்னொன்று, இருக்கிறபடியே உன்னை நேசி. இரண்டாவது சீட்டு மனசுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவளுக்கும், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறவளுக்கும் அது போதாது. அவளுக்கு உடம்பும் மாறணும், தன் வடிவமும் போகக் கூடாது. அந்த மூன்றாவது ஆசையைப் படம் எடுத்துப் பேசவே இல்லை. கடைசியில் ஸ்வீட்டிக்குக் கிடைக்கும் பரிசும் மாப்பிள்ளைதான். வரன் பார்க்கிறவர்களின் தராசை விமர்சித்துத் தொடங்கிய படம், அதே தராசில் அவளை ஏற்றிப் பாஸ் மார்க் போட்டு முடிக்கிறது.

தராசு எதை அளக்கிறது?

இங்கே ஒரு புகைப்படத்தைப் பற்றிச் சொல்லணும். 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. இரண்டு விஞ்ஞானிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

டயட் விளம்பரங்களில் வரும் 'முன் – பின்' படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருப்போம். அவை எல்லாவற்றுக்கும் இந்த ஒரே படம் பதில் சொல்லிவிடுகிறது. 'முன் – பின்' படம் ஓர் எண் இறங்கியதைக் காட்டும். இறங்கியது எது என்று காட்டாது. கொழுப்பு போச்சா, தண்ணி போச்சா, தசை போச்சா? மெஷினுக்கு மூன்றும் ஒரே கிலோதான். ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள்ளும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கலாம் என்பது யாக்னிக் பல வருடமாகச் சொல்லி வருகிற விஷயம். நமக்கு பிஎம்ஐ 23-லேயே எச்சரிக்கை மணி அடிப்பதற்கும் இது ஒரு காரணம்.

இதில் பெண்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். எடுத்த எடுப்பிலேயே அவர்களுக்குத் தசை குறைவு. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, காலையில் ஜூஸ், ராத்திரி சூப் என்று இரண்டரை மாதத்தில் 11 கிலோ இறக்கினார். எல்லாரும் "சூப்பரா ஆயிட்டே" என்றார்கள். அவரே என்னிடம் சொன்னது வேறு: "கேஸ் சிலிண்டரை முன்னெல்லாம் நானே உருட்டி வைப்பேன், இப்ப முடியல." கன்னம் ஒட்டிப் போச்சு, பின்பக்கம் தட்டையாச்சு, தொப்பை மட்டும் கொஞ்சம் அப்படியே இருந்தது. எடை மெஷினைக் கேட்டால் அது வெற்றி என்றுதான் சொல்லும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஊசி மருந்துகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. செமாக்ளூடைட் மருந்தின் பெரிய ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதத்தை ஒட்டி எடை குறைந்தது. பங்கேற்றவர்களில் ஒரு சிறு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்ததில், குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு அல்லாத பகுதி. அதில் தண்ணீரும் சேரும், எல்லாமே தசை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கிற எண். மருந்து தேவைப்படுகிறவர்கள் டாக்டர் சொல்லி எடுக்கட்டும், அது வேறு பேச்சு. அவர்களுக்கும் தசையைக் காப்பாற்றுகிற வேலை தனியாகப் பாக்கி இருக்கிறது.

இப்போ இறுதிச் சுற்று

சுதா கொங்கராவின் மதி, வடசென்னையில் மீன் விற்கிற பெண். நடித்த ரித்திகா சிங் நிஜத்திலேயே சண்டை விளையாட்டு வீராங்கனை. அதனால் அவர் தோளும் தொடையும் படத்துக்காக ஒட்டவைத்தவை மாதிரி இல்லை. தமிழ் சினிமா கேமரா கதாநாயகியின் இடுப்பைப் பார்த்துப் பழகியது. இங்கே அது தோள்பட்டையைப் பார்க்கிறது, கால் எப்படி ஊன்றுகிறது என்று பார்க்கிறது. அந்த உடம்பு எதற்குப் பயன்படுகிறது என்பதுதான் அங்கே முக்கியம். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. வலுவான பெண் உடம்பைக் கேலி இல்லாமல், அசடு வழியாமல் காட்டிய தமிழ்ப் படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பாக்ஸிங்கிலும் எடை மெஷின் உண்டு. சொல்லப்போனால் அங்கேதான் அதற்கு மவுசு அதிகம், எடைப் பிரிவு வைத்துத்தான் போட்டியே. ஆனால் பாக்ஸர் அந்த மெஷினிடம் கேட்கும் கேள்வி வேறு: 'இந்த எடைக்குள் எவ்வளவு பலத்தை வைத்துக்கொள்ள முடியும்?' டயட் சென்டர் 'இன்னும் எவ்வளவு குறையும்?' என்று மட்டும் கேட்கும். வளைவும் தசையும் போகாமல் இளைக்க நினைக்கிற பெண் கேட்க வேண்டியது பாக்ஸரின் கேள்வியைத்தான்.

ஆனால் இந்தப் படத்திலும் ஒரு குறை உண்டு. விளையாட்டுப் படங்களுக்கே உள்ள பொது வியாதி அது. பயிற்சி என்பது வேகமான வெட்டுகளும் பின்னணி இசையுமாக ஓடி முடிந்துவிடும். நிஜத்தில் தசை அத்தனை அவசரப்படாது. வாரத்துக்கு மூன்று நாள், ஒரே நாலைந்து அசைவுகள், போன வாரத்தைவிட அரை கிலோ கூட, மாதக்கணக்கில். சலிப்பான வேலை. அந்தச் சலிப்பைக் காட்ட எந்தப் படத்துக்கும் தைரியம் வரவில்லை.

இரண்டு படமும் சொல்லாத நடுப்பகுதி

அந்த நடுப்பகுதியைப் பற்றி ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பேசுகின்றன.

ஒன்று, வேகம். நார்வேயில் 24 விளையாட்டு வீரர், வீராங்கனைகளை வைத்து ஓர் ஆய்வு, 2011-ல் வெளியானது. ஒரு குழு வாரத்துக்கு உடல் எடையில் 0.7 சதவீதம் குறைத்தது. இன்னொரு குழு 1.4 சதவீதம். இரண்டு குழுவும் எடைப் பயிற்சி செய்தன. மெதுவாகக் குறைத்தவர்களுக்கு கொழுப்பற்ற உடல் எடை 2.1 சதவீதம் *கூடியது*. வேகமாகக் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. 70 கிலோ பெண்ணுக்கு 0.7 சதவீதம் என்றால் வாரம் அரை கிலோ. "ஒரே மாசத்துல பத்து கிலோ" போஸ்டர் பக்கத்தில் இது ரொம்ப ஏழையாகத் தெரியும். தெரியட்டும்.

இரண்டு, புரோட்டீன். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு, 2016. 40 இளைஞர்கள், சாப்பாட்டில் 40 சதவீத கலோரி வெட்டு, நாலு வாரம் கடும் பயிற்சி. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 2.4 கிராம் புரோட்டீன் எடுத்தவர்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு போனது, 1.2 கிலோ கொழுப்பற்ற எடை கூடியது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு போனது, கொழுப்பற்ற எடை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. பங்கேற்றவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதால் இந்த எண்ணை அப்படியே பெண்களுக்கு ஒட்ட மாட்டேன். திசை மட்டும் தெளிவு: சாப்பாட்டைக் குறைக்கும்போது புரோட்டீனைக் குறைக்கக் கூடாது, கூட்டணும்.

நம்ம தட்டில் இதுதான் சிக்கல். இரண்டு இட்லி, சட்னி, மதியம் சாதம், சாம்பார், ரசம், ராத்திரி தோசை என்றால் நாள் முழுக்கச் சேர்த்தாலும் புரோட்டீன் சொற்பம். 'டயட்' என்று அதிலும் பாதியைக் குறைத்தால், இருந்த கொஞ்சமும் போச்சு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். நூறு கிராம் மத்தி மீனில் 20 கிராமை ஒட்டி. வேகவைத்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 8, 9 கிராம். ஆக, சாதத்தைக் கொஞ்சம் குறைத்து முட்டை, மீன், சுண்டல், தயிர், பனீரைக் கூட்டுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கிட்னி பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் புரோட்டீனைக் கூட்ட வேண்டாம்.

மூன்று, வடிவம். "இடுப்பு மட்டும் குறையணும், பின்பக்கம் அப்படியே இருக்கணும்" என்பதுதான் பலரின் ஆசை. 1971-ல் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடுகிற கை பருமனாக இருந்தது, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பின் தடிமன் இரண்டு கையிலும் ஒன்றுதான். அதாவது, வேலை கொடுக்கிற இடத்திலிருந்து தனியாகக் கொழுப்பு கரைவதில்லை. தசை மட்டும் வேலை கொடுத்த இடத்தில் கூடுகிறது. ஆயிரம் தடவை குனிந்து நிமிர்ந்து இடுப்பைத் 'தேய்க்க' முடியாது. ஆனால் ஸ்குவாட், டெட்லிஃப்ட், இடுப்பைத் தூக்கும் பயிற்சிகள் செய்து தொடையையும் பின்பக்கத்தையும் நிரப்ப முடியும், தோளையும் முதுகையும் அகலப்படுத்த முடியும். மொத்தக் கொழுப்பு மெல்ல இறங்கும்போது அந்த வளைவைத் தாங்கிப் பிடிப்பது அடியில் இருக்கிற தசைதான். மார்பகம் பெரும்பாலும் கொழுப்பு என்பதால் அங்கே கொஞ்சம் குறையலாம். அதைத் தடுக்கும் பயிற்சி எதுவும் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீங்க.

"வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவேனோ" என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்களுடையதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். ரித்திகா சிங்கைப் பாருங்க, வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தும் யாரும் அவரை அப்படிச் சொல்லவில்லை.

கடைசியா

இரண்டில் எது நல்ல படம் என்றால் தயங்காமல் 'இறுதிச் சுற்று' என்பேன். ஆனால் இன்னும் எடுக்கப்படாத ஒரு படம்தான் எனக்கு வேண்டும். ஸ்வீட்டி எந்த சென்டருக்கும் போகாமல், மதி மாதிரி மெடலுக்கும் ஓடாமல், காலையில் இரண்டு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு டம்பெல் தூக்குகிற படம். ஆறு மாதத்தில் எடை மெஷினில் ஐந்தாறு கிலோதான் இறங்கியிருக்கும். பழைய சுடிதார் இடுப்பில் தொளதொள என்றும் தோளில் இறுக்கமாகவும் இருக்கும். டெய்லரிடம் போய், "அண்ணே, இங்க பிடிச்சு, இங்க கொஞ்சம் விட்டுத் தைங்க" என்பாள். அம்மா ஊர்வசிக்கு அது புரியாது. "எத்தனை கிலோடி குறைஞ்சே?" என்றுதான் கேட்பார்.

அதற்கு ஸ்வீட்டி என்ன பதில் சொல்வாள் என்று யாராவது எழுதட்டும், முதல் நாள் முதல் ஷோ நான் போகிறேன்.