உலோகக் கிளாரினெட்: தரம் எங்கே இருக்கிறது?

பழைய உலோகக் கிளாரினெட்டைத் தரம் பிரிக்கிறவர்கள் பெரும்பாலும் உலோகத்திலேயே நின்றுவிடுகிறார்கள். வெள்ளி முலாமா, நிக்கலா என்று கேட்டுவிட்டு, என்ன இருந்தாலும் கருங்காலியின் நாதம் வராது என்று தீர்த்துவிடுவார்கள். ஆனால் ஒலிப்பது குழலுக்குள் நிற்கும் காற்று. சுவரின் பங்கு சொற்பம். 1971இல் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் புல்லாங்குழல் செய்து சோதித்தபோது, ஊதியவர்களாலும் கேட்டவர்களாலும் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. புல்லாங்குழலில் ரீட் இல்லையே என்று மறுக்கலாம். ரீடும் மவுத்பீஸும் மரக் கிளாரினெட்டிலும் அவைதானே! உலோகத்தில் மெய்யாகவே மாறுவது துளைகளின் வாய். தகடு மெல்லியது என்பதால் துளைதோறும் குட்டையான ஒரு குழாயை எழுப்ப வேண்டும். அதன் விளிம்பு சமமாக இல்லாவிட்டால் துளையை மூடும் பேட் சரியாக உட்காராது. பற்றவைப்பு விட்டால் காற்று கசியும். 1920, 30களில் அமெரிக்கப் பள்ளி பேண்டுகளுக்காக மலிவாகச் செய்து குவித்தவைதான் இந்த வாத்தியத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தன. கிளீவ்லாந்தின் எச்.என்.ஒயிட் கம்பெனி தேர்ந்த கலைஞர்களுக்கென்று செய்த 'சில்வர் கிங்' அந்தக் கணக்கில் சேராது.

அடுத்த கேள்வி, யார் ஊதப்போகிறார்கள் என்பது. இன்றைய பேண்டுக்கு போயம் முறைச் சாவிகளும் 440 ஹெர்ட்ஸ் சுருதியும் வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளோ 1920களின் பிற்பகுதி வரை சுமார் 452 என்ற உயர்ந்த சுருதியில் வாசித்தவை. அந்தக் காலத்துக் குழல்களில் 'எச்.பி.' (ஹை பிட்ச்) என்று முத்திரை இருக்கும். நீலகிரியின் வெலிங்டன் போன்ற பாசறை ஊரில் பழைய வாத்தியத்தைக் கையில் எடுப்பவர் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டு எழுத்தை. மேல்மூட்டை இழுத்துச் சுருதியை இறக்கிவிடலாமே என்பார்கள். இழுத்தால் குறுகிய குழலில் பிறக்கும் சுரங்கள் அதிகமாகவும் நீண்ட குழலில் பிறப்பவை குறைவாகவும் இறங்கி, ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். ஆனால் கர்நாடக சங்கீதத்துக்கு அந்த உயர்ந்த சுருதி குறையே அல்ல. வித்வானுக்கு ஏற்பத் தம்புராவைச் சேர்த்துக்கொள்கிறோம். பேண்டு கழித்துவிட்ட, ஆல்பர்ட் என்ற பழைய சாவி முறைக்கும் இதே கதைதான். அதில் இயந்திர நுணுக்கம் குறைவு, துளைமேல் விரலை வழுக்கிக் கமகம் பிடிக்க வாகாக இருக்கும். சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்துக்கு வந்த கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் தனிக் கச்சேரி வாத்தியமாக்கிக் காட்டிய பிறகு, மேற்கத்திய விலைப்பட்டியலை நாம் அளவுகோலாக வைத்துக்கொள்வதில் பொருளில்லை.

நீலகிரியில் ஒப்பிடுபவருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மரம் ஈரத்துக்கும் குளிருக்கும் வெடிக்கும், உலோகம் வெடிக்காது; அதுவரை லாபம். ஆனால் மெல்லிய தகடு சட்டென்று குளிர்ந்துவிடும். குழலுக்குள் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறக்குறைய 30 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கும். மலையேறினால் காற்று மெலிந்து சுருதி மாறும் என்பது தவறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது காரணமில்லை, அங்குள்ள குளிர்தான் காரணம். ஆகவே இரண்டு குழல்களை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அளவு ஊதிச் சூடாக்க வேண்டும். அதற்கும் முன்னால் கசிவைப் பார்க்க வேண்டும்: இருட்டறையில் சிறு பல்பைக் குழலுக்குள் இறக்கினால், சரியாக மூடாத பேட் ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரியும். அந்தக் கீற்றோடு வாசித்துவிட்டு உலோகத்தைக் குறை சொல்வது அநியாயம். ஒடுக்கு எடுப்பது அவசியம், ஏனென்றால் அது உள்ளளவைக் கெடுக்கிறது. பளபளப்புக்காக முலாம் தேயும்வரை மெருகிடுவதை நான் பழுதுபார்ப்பில் சேர்க்க மாட்டேன். அப்படித் தேய்க்கும்போது முதலில் மறைவது பெரும்பாலும் அந்தச் சுருதி முத்திரைதான்.