மாயூரம் முன்சீப்பின் முறையீடு

லகரம் தமிழில் மொழிக்கு முதலாக வாராது என்பது இலக்கண நூலார் கண்ட விதி. ஆயினும், பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றை ஒட்டி லப்பைக்குடிக்காடு என்றொரு பேரூர் இருக்கிறது. இகரத்தை முன்னே சேர்த்து ‘இலப்பை’ என்று எழுதுவாரும் உண்டு. பேருந்தில் பயணச்சீட்டு கேட்பவர் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. தமிழ் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் அவ்வூரின் பேச்சில் அரபுச் சொற்கள் கலந்திருப்பது இயல்பே. நாம் கவனிக்கத் தவறுவது வேறொன்று. அரபியும் பாரசீகமும் அறியாத நம் பங்குகளின் விவசாயியும் நீதிமன்ற வாசலை மிதித்தவுடன் அம்மொழிகளைத்தான் பேசத் தொடங்குகிறார். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், அசல், நகல், ஜப்தி, வாய்தா: நவாப் காலத்து ஆட்சி விட்டுச்சென்ற சொற்கள் இவை. வாய்தா என்பதற்கு மூலமான அரபுச் சொல்லுக்கு ‘வாக்குறுதி’ என்று பொருள். நம் நீதிமன்றங்களில் அது ஒத்திவைப்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வழக்காடி நொந்தவர்களுக்கு இப்பொருள் மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

இப்போது தேநீர்க் கடைகளில் ஒரு கருத்து அடிக்கடி காதில் விழுகிறது. “இனி கவலை இல்லை, தீர்ப்பையெல்லாம் கம்ப்யூட்டரே தமிழில் தந்துவிடும்” என்பதே அது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ‘சுவாஸ்’ என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. அதன் துணைகொண்டு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தீர்ப்புகள் வெளியிடப்பட்டு வருகின்றன. நம்மிடையே படித்தவர்களும் இதனை மொழி உரிமைப் போராட்டத்தின் முடிவு எனவே பேசுகின்றனர். இக்கருத்தை உரசிப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு பழைய உரைகல் உண்டு. அது 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம்.

அதன் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889) திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, முன்சீப் பதவிக்கு உயர்ந்தவர். தமிழின் முதல் நாவல் என்று அவரது நூலைப் பாடப் புத்தகங்கள் போற்றுகின்றன. போற்றியபின் மூடி வைத்துவிடுகின்றன. கதையை நிறுத்தி உபதேசம் செய்கிறார் என்பது விமரிசகர்கள் வழக்கமாகக் கூறும் குற்றச்சாட்டு. அது பொய்யன்று. ஆணுடையில் அரசாளும் ஞானாம்பாளின் நீண்ட பிரசங்கங்களைத் தாண்டிச் செல்ல இன்றைய வாசகருக்குப் பொறுமை வேண்டும். ஆனால் அந்நாவலில் நீதிமன்ற மொழியைப் பற்றி வரும் பகுதி அத்தகைய உபதேசம் அன்று என்பது நம் கருத்து. நீதிபதியும் தமிழர், வாதியும் தமிழர், சாட்சியும் தமிழர். அங்கே வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவது யார் பொருட்டு என்று அப்பகுதி கேட்கிறது. நாவலாசிரியர் அங்கே கற்பனை செய்யவில்லை. நீதிபதி இருக்கையிலிருந்து தாம் கண்டதை எழுதுகிறார். ஏளனமும் கோபமும் ஒருங்கே கலந்த அந்த நடை, நூலின் வேறு பல பகுதிகளில் காணக் கிடைக்காதது.

நாம் இங்கே நின்று யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1862ஆம் ஆண்டிலேயே வேதநாயகர் சித்தாந்த சங்கிரகம் என்ற நூலை வெளியிட்டுவிட்டார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்த நூல் அது. அதாவது, இன்று இயந்திரத்திடம் நாம் எதிர்பார்க்கும் பணியை ஒரு மனிதர் தம் கைப்படச் செய்து முடித்திருந்தார். அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள் கழித்து வெளிவந்த நாவலிலும் அவருடைய குறை தீர்ந்தபாடில்லை. தீர்ப்பின் மொழிபெயர்ப்பே போதும் என்றால் அவர் ஏன் மீண்டும் முறையிட வேண்டும்? அவருடைய முறையீடு தீர்ப்பைப் படிப்பது பற்றியதன்று, வழக்கைக் கேட்பது பற்றியது. தன் நிலத்தையும் மானத்தையும் பற்றி இரு வக்கீல்கள் பேசிக்கொண்டிருக்கையில், உரியவன் தூணருகே ஒன்றும் விளங்காமல் நிற்கிறானே, அதைப் பற்றியது.

நம் வாசகர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் புரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்னும் திருப்பலி செபங்களின் தமிழாக்கம் புத்தகமாக இருந்தது. நம் பெரியோர் அதைக் கையில் வைத்திருந்தார்கள். பீடத்திலோ இலத்தீன் ஒலித்துக்கொண்டிருந்தது. 1963இல் சங்கம் திருவழிபாட்டைப் பற்றி முடிவு செய்தபோது, அந்தப் புத்தகத்தை இன்னும் நன்றாக அச்சிடுங்கள் என்று கூறி நிறுத்திக்கொள்ளவில்லை. பீடத்தின் மொழி மாறவே வழி திறந்தது.

உச்ச நீதிமன்றத்தின் தமிழாக்கங்களோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் வருகிறது. வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது, வேறெதற்கும் பயன்படுத்தலாகாது, நிறைவேற்றத்துக்கு ஆங்கில வடிவமே செல்லுபடியாகும் என்பது அதன் சாரம். நேர்மையான குறிப்புத்தான். இயந்திரம் செய்யக்கூடிய பிழையை எண்ணினால் அவசியமும்கூட. ஆயினும், கல்வாரியில் பிலாத்து எழுதி வைத்த அறிக்கையும் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மும்மொழிகளிலும் இருந்தது என யோவான் நற்செய்தி கூறுவதை நாம் மறந்துவிட இயலாது. பலர் அதைப் படித்தார்கள்.

பிழை என்றோம். ‘லீவ் கிராண்டட்’ என்று நீதிபதி எழுதினால், மேல்முறையீடு செய்ய அனுமதி தரப்பட்டது என்று பொருள். இயந்திரம் அதனை விடுமுறை என இந்தியில் பெயர்த்த கதை நீதித்துறை மேடைகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. தமிழிலும் இத்தகைய குழிகள் பல. நம் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் ‘மாமூலான வழிநடை பாத்தியம்’ என்ற தொடர் உண்டு. நெடுங்காலமாக நடந்துவரும் பாதைக்கான உரிமை அது. இயந்திரமோ மாமூல் என்றவுடன் காவலருக்குக் கொடுக்கும் கையூட்டை நினைத்துக்கொண்டால், குடியானவன் கழனிக்குப் போகும் வழி இலஞ்ச வழியாகிவிடும்! வக்கீல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கறுப்பு அங்கி அணிந்தவரைத்தான் நாம் எண்ணுவோம். லப்பைக்குடிக்காட்டில் நிக்காஹ் வீட்டில் இருப்பவருக்கு, மணமகளின் சம்மதத்தை எடுத்துச் சொல்லும் உறவினரே வக்கீல். பத்திரமும் சாட்சியமும் தமிழிலிருந்து ஆங்கிலமாகி உயர் நீதிமன்றம் ஏறுகின்றன. தீர்ப்பு ஆங்கிலத்திலிருந்து தமிழாகி இறங்குகிறது. இரு முறை ஆறு கடந்த சொல் நனையாமல் வருமா?

சட்டத்துக்கேற்ற தமிழ்ச் சொல் இல்லை என்பார்க்கு விடை கூறுவது கடினமன்று. இஞ்சங்ஷன் என்பதற்கு ‘உறுத்துக்கட்டளை’ என்று சட்டத் தமிழில் சொல் ஆக்கியிருக்கிறோம். அது நாவில் ஏறவில்லை என்றால் இருக்கட்டும்; ‘ஸ்டே வாங்கிவிட்டான்’ என்பது எந்தச் சிற்றூரிலும் புரிகிறதே. வேதநாயகரும் கோர்ட்டு, வக்கீல் என்று தயங்காமல் எழுதியவரே.

வெளிமாநிலத்து நீதிபதிக்குத் தமிழ் தெரியாதே என்பதுதான் வலுவான மறுப்பு. அரசமைப்பின் 348ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு மாநில மொழியை உயர் நீதிமன்ற நடவடிக்கைகளில் ஆளுநர் அனுமதிக்க இடந்தருகிறது. அவ்வழியே ராஜஸ்தான் (1950), உத்தரப் பிரதேசம் (1969), மத்தியப் பிரதேசம் (1971), பீகார் (1972) ஆகியவற்றின் உயர் நீதிமன்றங்களில் இந்தி நுழைந்தது. 2006இல் தமிழகச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் இயற்றியது. தமிழகத்தோடு வேறு சில மாநிலங்களின் கோரிக்கைகளையும் 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு ஏற்க மறுத்தது.

ஆனால் 2012இல் இல்லாத கருவி இன்று இருக்கிறது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒன்றில் வக்கீல்களின் வாதம் பேசப் பேச இயந்திரத்தால் எழுத்தாக்கப்பட்டுத் திரையில் காட்டப்பட்டது. இயந்திரம் அத்துணைத் தேர்ச்சி பெற்றதென்றால், அதனை நீதிபதியின் மேசையில் வைக்கலாமே. வாதம் தமிழில் நடக்கட்டும். தமிழறியாத நீதிபதிக்கு அது ஆங்கிலத்தில் எழுந்து வரட்டும். ஐயம் எழுந்தால் அங்கேயே, வாதியின் முன்னிலையிலேயே, கேட்டுத் திருத்திக்கொள்ளட்டும். மொழிபெயர்ப்பின் சுமையையும் அதன் பிழையையும் இதுவரை வாதி ஒருவரே சுமந்து வந்திருக்கிறார்.