ஆறாவது பீக்கர்

சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பவர்களின் ஆய்வகத்தில் எனக்குப் பிடித்தது ஜார் டெஸ்ட்: கலங்கல் தண்ணீர் தெளிய எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று கண்டறியும் சோதனை. வரிசையாக ஆறு பீக்கர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் கலங்கல் தண்ணீர், மேலிருந்து இறங்கும் ஒரு துடுப்பு. அவ்வளவுதான். படிகாரக் கரைசலை ஒன்றைவிட அடுத்ததில் சற்றுக் கூட்டி ஊற்றுவார்கள். முதல் நிமிடம் 100 சுற்று வேகம். பிறகு 30 சுற்றுக்குக் குறைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

களிமண் துகள்கள் எதிர்மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதப்பவை. படிகாரத்திலுள்ள அலுமினியம் அந்தப் பகையைத் தணித்ததும் கண்ணெதிரே பஞ்சு பஞ்சாகத் திரளும். வேகம் கூடினால் உடைந்துபோகும். துடுப்பு நின்றபின் அந்தப் பஞ்சு மெல்ல அடியில் இறங்குவதைப் பார்க்கவேண்டுமே, சினிமா தோற்றுவிடும்!

நிறையப் போட்டால் நிறையத் தெளியும் என்று நம்பும் மாணவரை ஆறாவது பீக்கர் ஏமாற்றக்கூடும். அளவு மீறினால் மின்சுமை தலைகீழாகி, துகள்கள் மறுபடி விலகி நிற்கும்.

தண்ணீர் தெளியப் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிய நம் பாட்டிகள் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான். சுற்றுக்கணக்கு மட்டும் கிடையாது. ஆய்வகத்திலோ, மழை பெய்து ஏரித் தண்ணீரின் நிறம் மாறினால் சரியான அளவும் மாறிவிடும்; ஆறு பீக்கர்களையும் கழுவி மறுபடி வைக்க வேண்டும்.