வீடு, வகுப்பறை, ஊர்நடப்பு: யூத ஆசிரியர்களின் நாட்குறிப்புகள்

இரண்டாம் உலகப்போர்க் கால யூதர்களின் நாட்குறிப்பு என்றதும் நம்மில் பலருக்கு ஆன் ஃபிராங்கின் பெயரே நினைவுக்கு வரும். அதே ஆண்டுகளில் ஆசிரியர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைத் தனியொரு வகைமையாகச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரெஸ்லாவின் வில்லி கோன், வார்சாவின் ஹைம் காப்லான், ஆபிரகாம் லெவின், யானுஷ் கோர்ச்சாக் ஆகிய நால்வரை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றாசிரியர்கள் இவர்களிடமிருந்து பெரும்பாலும் தேதிகளையும் ஆணைகளையும் எண்ணிக்கைகளையும் எடுத்தாள்கிறார்கள். அப்படி எடுக்கும்போது குழந்தையின் காய்ச்சலும் மனைவியின் கவலையும் பாடம் நடத்திய களைப்பும் உதிர்ந்துபோகின்றன. நடப்பு அரசியல் ஒரு மனிதரின் வாழ்வுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதை அந்த உதிரிச் செய்திகளே காட்டுகின்றன.

வில்லி கோன் 1888இல் பிரெஸ்லாவில் பிறந்தவர். அவ்வூர் இன்று போலந்தின் விரோத்ஸ்வாஃப். சிசிலியை ஆண்ட நார்மன், ஹோஹென்ஸ்டாஃபன் மன்னர்களின் வரலாற்றில் தேர்ந்த ஆய்வாளர். யூத மாணவர்களும் ஆசிரியர்களும் கணிசமாக இருந்த யோஹானஸ் ஜிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தார். முதல் உலகப்போரில் போர்முனையில் நின்று இரும்புச் சிலுவை விருது பெற்றிருந்தார். 1933இல் நாஜி ஆட்சியில் வேலை பறிபோனபோது அந்த விருது அவரைக் காக்கவில்லை. அதன்பின் ஊர் ஊராக யூதச் சமூகக் கூட்டங்களில் வரலாற்றுச் சொற்பொழிவு ஆற்றினார். ஆசிரியப் பணி வேறு வடிவில் தொடர்ந்தது. மூத்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 1937இல் மனைவியோடு பாலஸ்தீனம் சென்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். 1941 நவம்பரில் அவரும் மனைவியும் இரு சிறு பெண்குழந்தைகளும் பிரெஸ்லாவிலிருந்து ரயிலேற்றப்பட்டு, 29ஆம் தேதி லிதுவேனியாவின் காவ்னஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கோனின் நாட்குறிப்பில் இன்றைய வாசகரைத் தொல்லைப்படுத்தும் ஒரு பண்பு உண்டு. ஜெர்மனி தம்மை உதறிய பிறகும் அந்த நாட்டின் மீதிருந்த பற்றை அவரால் அறுத்தெறிய முடியவில்லை. ஓய்வுநாள் வழிபாடு, பிள்ளைகளின் கடிதம், நூலகத்தில் கழித்த பகல் ஆகியவற்றோடு அந்தப் பற்றும் வந்துகொண்டே இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லும் வாசிப்பு, முடிவு தெரிந்தவர்களின் வாசிப்பு. கோனுக்கு முடிவு தெரியாது. தாம் வளர்ந்த மொழியையும் தாம் கற்பித்த வரலாற்றையும் ஓர் அரசாணையால் மனத்திலிருந்து துடைக்க முடியாது என்பதை அவர் நேர்மையாகப் பதிந்திருக்கிறார். நோர்பர்ட் கோன்ராட்ஸ் பதிப்பித்து 2006இல் இவை நூலாக வந்தபோது, ஒரு நகரத்தின் யூத வாழ்வு அன்றாடம் குறுகிக்கொண்டே போன விதம் முழுமையாகத் தெரியவந்தது.

காப்லான் வேறு வார்ப்பு. 1880இல் இன்றைய பெலாரஸில் பிறந்து, மீர் நகரின் புகழ்பெற்ற யெஷிவா என்னும் சமயக் கல்விக்கூடத்தில் மறைநூல் பயின்று, வார்சாவில் எபிரேயத் தொடக்கப்பள்ளி ஒன்றை நிறுவி, சுமார் 40 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தவர். எபிரேயத்தை எபிரேயத்திலேயே பேசிப் பழக்கும் முறைக்காக வாதாடியவர். 1933இலேயே நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்போது அது சொந்த வாழ்வின் கணக்கு. 1939 செப்டம்பரில் குண்டு விழத் தொடங்கியதும் அது ஊரின் கணக்காயிற்று. யூதப் பள்ளிகள் மூடப்பட்டதும், வீட்டு அறைகளில் பிள்ளைகள் ரகசியமாகப் படித்ததும், ரொட்டி விலையும் வதந்திகளும் அதில் இடம்பெற்றன. அவரது தீர்ப்புகள் கண்டிப்பானவை. யூத நிர்வாகக் குழுவையும் அதன் தலைவர் ஆடம் செர்னியாகோவையும் இடைவிடாமல் கண்டித்தார். 1942 ஜூலை 23 அன்று, மக்களை நாடுகடத்த உடன்பட முடியாமல் செர்னியாகோவ் தற்கொலை செய்துகொண்டபோது, அந்தச் சாவின் கண்ணியத்தை ஏற்று எழுதினார். தாம் போட்ட மதிப்பெண்ணைத் தாமே திருத்தும் இந்த மனம் நல்லாசிரியருக்கு உரியது.

லெவின் 1893இல் வார்சாவில் பிறந்தவர். யெஹூதியா என்ற பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எபிரேயமும் விவிலியமும் கற்பித்தார். அங்கே உடன் பணியாற்றிய வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்பிளம், பின்னாளில் வார்சா யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் ‘ஓனெக் ஷப்பாத்’ என்ற ரகசிய ஆவணக் குழுவை அமைத்தபோது லெவினும் சேர்ந்தார். முதலில் இத்திஷ் மொழியில் எழுதியவர், பெரும் நாடுகடத்தல் தொடங்கிய 1942 ஜூலை 22 முதல் எபிரேயத்துக்கு மாறினார். ஆகஸ்ட் 12 அன்று மனைவி லூபாவைப் பிடித்துச் சென்றுவிட்டார்கள். மகள் ஓராவோடு அவர் எஞ்சினார். ஆகஸ்ட் 28 அன்று, ட்ரெப்ளிங்கா கொலைமுகாமிலிருந்து தப்பி வந்த ஒருவரின் வாக்குமூலத்தைக் குழுவினரோடு கேட்டுப் பதிந்தார். தம் மனைவிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பிறர் வாயால் கேட்டு எழுத வேண்டிய நிலை அது. இப்பகுதியை வெறும் சாட்சியமாகப் படித்து நகர்வது அநியாயம். ஆவணக்காரரும் கணவரும் இங்கே ஒரே ஆள். கடைசிப் பதிவு 1943 ஜனவரி 16ஆம் தேதியது. அந்தக் குழு புதைத்துவைத்த ஆவணங்களின் முதல் தொகுதி 1946இலும், பால் கேன்களில் இருந்த இரண்டாம் தொகுதி 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன.

கோர்ச்சாக் குழந்தை மருத்துவர். 1912 முதல் வார்சாவில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். திருமணம் செய்யாத அவருக்கு ஏறத்தாழ 200 பிள்ளைகளே குடும்பம். ஆகவே அவரிடம் வீடும் பள்ளியும் ஒன்றே. பிள்ளைகளின் எடை குறைவது அவருக்குத் தகப்பனின் கவலை, மருத்துவரின் குறிப்பு, அரசியல் செய்தி மூன்றும்தான். 1942 ஜூலை 18 அன்று பிள்ளைகள் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தை நடித்தார்கள். வெளியே போக முடியாமல் நோயில் கிடக்கும் சிறுவனின் கதை அது. ஆகஸ்ட் 4 அன்று கோர்ச்சாக் கடைசியாக எழுதினார். ஓரிரு நாளில் பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்காவுக்குப் போனார். தாம் மட்டும் தப்பும் வாய்ப்புகளை ஏற்கவில்லை. காப்லானின் கடைசிப் பதிவும் அதே ஆகஸ்ட் 4தான். அவரது குறிப்பேடுகள், கெட்டோவுக்கு வெளியே வேலைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் வழியாகக் கைமாறிப் பிழைத்தன.

நால்வரையும் இணைப்பது பயிற்சி. நாள்தோறும் வருகைப் பதிவு எடுத்தவர்கள், கேள்விப்பட்டதையும் கண்டதையும் பிரித்துச் சொல்லப் பழக்கியவர்கள், தமக்குப் பின் கற்கப்போகும் ஒருவரை எண்ணி எழுதியவர்கள். அதனால்தான் வீட்டுத் துயரம் நாட்டுச் செய்தியை விழுங்குவதில்லை. நாட்டுச் செய்தியும் வீட்டை மறைப்பதில்லை.

மேற்கோள் திரட்டுகளில் இந்தச் சமநிலை சிதைகிறது. படுகொலை நாட்களை மட்டும் வெட்டியெடுத்துத் தொகுத்தால், இவர்கள் சாவதற்காகவே வாழ்ந்தவர்கள் போலத் தோற்றம் தருகிறார்கள். முழுமையாகப் படிக்கும்போது தலைமையாசிரியராக, கணவராக, சக ஆசிரியரோடு சண்டை போடுபவராக, மகளின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுபவராக எழுந்து நிற்கிறார்கள். கொன்றவர்கள் இவர்களை வெறும் எண்ணிக்கையாக்கப் பார்த்தார்கள். வாசிப்பவர்களும் அதையே செய்யலாகாது. ஓர் ஆட்சி குடிமக்களை எப்போது கைவிடத் தொடங்குகிறது என்பதை அரசிதழைவிட, சம்பளம் நின்ற மாதமும் பிள்ளைகள் படிப்பை இழந்த நாளும் தெளிவாகச் சொல்லும். அந்த மாதத்தையும் நாளையும் எழுதிவைக்கும் பொறுமை இந்த ஆசிரியர்களுக்கு இருந்தது. அதை ஒரு வரியும் சுருக்காமல் படிப்பதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை.