பாரிக்குத் தேர் தருவோர் யார்?

பறம்பு மலைப் பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று பள்ளியிலே பாடம் நடத்துகிறோம். இன்று வேறொரு 'பாரி' உண்டு. 2014-இல் பி. சாய்நாத் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் அது. பெரிதும் நன்கொடையாலும் தொண்டர் உழைப்பாலும் நடப்பது. காசு தந்தவரும் தராதவரும் ஒருசேரப் படிக்கலாம். அதிலே 2019-இல் வெளிவந்த ஒரு படைப்பை ஆராய்வோம்: இராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பாசிப் பெண்களைப் பற்றி மு. பழனிகுமார் ஆக்கிய படக்கட்டுரை.

கடற்கன்னியைத் தேடுவோர் இதில் ஏமாறுவர். விரல்களிலே சுற்றிய துணிக்கிழிசல். கூரிய பாறைக்கு நடுவே மூச்சடக்கிய முழுக்கு. முதுகை வளைக்கும் ஈரப் பாசி மூட்டை. வறுமையை அழகாக்கி விற்கவில்லை, உழைப்பை உழைப்பாகவே காட்டுகிறார். இரக்கம் அன்று, மதிப்பே நம் நெஞ்சில் எழுகிறது. அதுவே இப்படைப்பின் வெற்றி.

குறையும் உண்டு. படம் ஒரு நாளைப் பிடிக்கும். கடல் மாறும் கதையோ பல்லாண்டுக் கதை. பவளம் எங்கே வெளுத்தது, பாசி எந்தத் தீவிலே குறைந்தது என்பதை ஆண்டுதோறும் அளந்தால்தான் அறியலாம். அதற்குத் தொடர்ந்து பொருள் வேண்டும். தருபவர் யார்?

வள்ளல்கள் தந்த காலம் இருந்தது. இராமநாதபுரத்துப் பாசுகர சேதுபதியும் பாண்டித்துரைத் தேவரும் துணைநின்று, 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் எழுந்தது. நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் வள்ளல் கண்மூடினால் கொடையும் கண்மூடும். வள்ளலே தவறினால் புலவன் வாய் மூடும்.

வணிகன் தருவானா? பெப்சி நிறுவனம் இக்கரையிலே காப்பாஃபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசியை ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்தது. குருசடைத் தீவின் பவளத்தின்மேல் அப்பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழிலே வெளியிட்டனர். விற்பவன் பொருளில் வாழும் ஆய்வு இதைச் சொல்லத் துணியுமா? தமிழ்நாட்டில் கடற்பாசிப் பூங்கா அமையும் என்று 2021-இல் ஒன்றிய நிதிநிலை அறிக்கை அறிவித்தபின், இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. வாழ்வு தருமா, பவளத்தை வாட்டுமா? விடை பக்தியாலும் வராது, விளம்பரத்தாலும் வராது. அளந்து பார்த்தால்தான் வரும்.

ஆகவே சந்தாவே வழி என்கிறோம். ஒருவர் தரும் ஆயிரத்திற்குக் கட்டளையிடும் குரல் உண்டு. ஆயிரம்பேர் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேள்வி கேட்கும் உரிமை மட்டுமே உண்டு. சந்தாதாரர் கூட்டமும் கண்ணீர்க் கதையை மட்டும் கேட்டுக் கலைஞனைக் கெடுக்காதோ என்பர். கெடுக்கலாம். அதற்கு மருந்து இரண்டு: கணக்கை வெளியிடுக, எதை ஆராய்வது என்று முடிவு செய்யும் அவையிலே பாசிப் பெண்களையும் அமர்த்துக. சின்னப்பாலத்து இலட்சுமி 2015-இல் சீகாலஜி பரிசு பெற்றவர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்ட பெண்களுக்குக் கடலைக் காக்கும் வழியை நாம் சொல்ல வேண்டுமா?

இராமேசுவரத்திலே பாவத்தைக் கழுவக் கடலில் இறங்குவோர் ஆயிரம். உடுத்த துணியை அக்கடலிலேயே எறிந்து செல்வோரும் உளர். உண்டியலோ நிறைகிறது. தோழர்களே! நம் தேநீர்க் காசில் ஒரு பங்கைக் கடலின் உண்மைக்கு மாதந்தோறும் ஒதுக்குவோம். முல்லைக்குத் தேர் தந்தவன் மன்னன். இந்தப் பாரிக்குத் தேர் தர வேண்டியவர் மக்கள்!