விம்மில் நாமே பூசும் நிறம்

விம் எடிட்டருக்கு நிறம் வந்தது 1998இல் வெளியான 5.0 பதிப்பில். அதை உருவாக்கிய பிராம் மூலெனார், எந்த நிரல்மொழிக்கு எப்படி நிறம் பூசுவது என்பதை எடிட்டருக்குள் பூட்டிவைக்காமல் சாதாரண எழுத்துக்கோப்புகளிடம் விட்டார். அதனால்தான் ஓர் அலுவலகத்துக்குள் மட்டும் புழங்கும் கான்ஃபிக் கோப்புக்குக்கூட நாமே நிறம் கொடுக்க முடிகிறது.

அதற்கு முக்கியமான கட்டளைகள் மூன்றுதான். கீவேர்டு குறிப்பிட்ட சொற்களைப் பிடிக்கும். மேட்ச் என்பது எண், தேதி போன்ற வடிவங்களைப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது ரீஜன். தொடக்கம் இது, முடிவு இது என்று சொல்லிவிட்டால் இடைப்பட்டதெல்லாம் ஒரே நிறம். மேற்கோள்குறியை மூட மறந்தால் அந்த நிறம் அடுத்தடுத்த வரிகளிலும் வழிந்தோடும். கோப்பைச் சேமிப்பதற்கு முன்பே பிழை கண்ணில் படும். ஒரே இடத்தில் இரண்டு மேட்ச் மோதினால் பின்னால் எழுதியதே ஜெயிக்கும். கீவேர்டோ இரண்டையும் முந்திவிடும். இந்த வரிசை பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

இதில் ஆகச் சிறந்த யோசனை, நிறத்தின் பெயரையே எழுதாமல் இருப்பது. ‘இது கமென்ட்’, ‘இது ஸ்ட்ரிங்’ என்று ஹைலைட் லிங்க் கொடுத்தால் போதும். கறுப்புத் திரையோ வெள்ளைத் திரையோ, அவரவர் தீம் தனக்குப் பொருந்தும் நிறத்தைப் போட்டுக்கொள்ளும். சிவப்பு, பச்சை என்று நேரடியாக எழுதிப் பழகியவர்கள் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும்.